4294967297: சி புரோகிராம் பகா எண் என்கிறது, புத்தகம் இல்லை என்கிறது

மஞ்சக்குப்பம் மாணவன்:
வணக்கம். கடலூரில் எங்கள் பள்ளிக் கணிதக் கண்காட்சிக்கு ஃபெர்மா எண்கள் பற்றிச் சார்ட் செய்கிறேன். 2-ன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை இவை. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2³² + 1, அதாவது 4294967297. அதுவும் பகா எண்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் அதை 641 வகுக்கும் என்று காட்டினார் என்கிறது புத்தகம். ஆனால் என் சி புரோகிராம் ‘பகா எண்’ என்கிறது. 2-லிருந்து வரிசையாக வகுத்துப் பார்க்கிற சாதாரண லூப்தான். 65537-க்குச் சரியாக வருகிறது. இதற்கு மட்டும் என்டர் தட்டிய உடனே விடை வந்துவிடுகிறது, அதுவே சந்தேகமாக இருக்கிறது.

வில்லியனூர்:
எண்ணை இன்ட் (int) என்ற சாதாரண முழு எண் வகையிலா வைத்திருக்கிறீர்கள் தம்பி? லூப்புக்கு முன்னால் அதை அப்படியே பிரின்ட் செய்து பாருங்கள்.

மஞ்சக்குப்பம் மாணவன்:
ஆமாம் சார், இன்ட்தான். பிரின்ட் செய்தால் 1 என்று வருகிறது!

வில்லியனூர்:
அதுதான் சங்கதி. இன்ட்டில் இருப்பது 32 பிட். உங்கள் எண்ணுக்கு 33 வேண்டும்: முதலில் ஒரு 1, அப்புறம் 31 பூஜ்யம், கடைசியில் ஒரு 1. தலையில் உள்ள 1 வெட்டுப்பட்டால் மிச்சம் வெறும் 1. லூப் 2-ல் தொடங்குவதால் ஒரு தடவைகூட ஓடாது. ஆரம்பத்தில் ‘பகா எண்’ என்று வைத்த விடையே வெளியே வரும். எண்ணையும் வகுக்கும் மாறியையும் லாங் லாங் (long long) என்ற பெரிய வகைக்கு மாற்றுங்கள். கம்பைலர் வார்னிங் காட்டியிருக்கும், அதையும் படியுங்கள்.

நெல்லிக்குப்பம் கணக்கு டீச்சர்:
தம்பி, ஆய்லர் எப்படிப் பிடித்தார் என்பதைச் சார்ட்டில் கட்டாயம் போடு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது!

வகுக்காமலே காட்டவும் வழி உண்டு, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். 641 = 5 × 2⁷ + 1. அதனால் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; ஆகவே 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² என்பது 1-க்குச் சமமாகிறது, அதாவது 2³² + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. இரண்டே வரி, பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

மஞ்சக்குப்பம் மாணவன்:
லாங் லாங் போட்டேன், 641 × 6700417 வந்துவிட்டது. நன்றி சார், நன்றி மிஸ். அடுத்த ஃபெர்மா எண்ணையும் இதிலேயே ஓட்டலாமா?

வில்லியனூர்:
வேண்டாம். 18446744073709551617-க்கு 65 பிட் வேண்டும், லாங் லாங்கில் 64-தான். அதே கதைதான் நடக்கும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் பைத்தானில் போடுங்கள், 274177 என்ற காரணியில் நிற்கும்.