ஆன்லைன் ஆர்.டி.ஐ. முறை பற்றி அரசுக்குக் கருத்து: எதை எழுதலாம்?

மண்டபம் கரை: ஆன்லைன் தகவல் உரிமை மனுவில் என்ன மாற்றம் வேண்டும் என்று எங்கள் மீனவர் சங்கம் கருத்து எழுதுகிறது. கரையோர மக்களுக்கு எது முக்கியம்?

பாம்பன் வலை: மனு சரியான இடத்துக்குப் போவதுதான். மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் மத்திய அரசுடையது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தரும் மீன்வளத் துறை மாநிலத்துடையது. நிவாரணப் பட்டியலை மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் கேட்டால் மனு திரும்பும், கட்டிய 10 ரூபாய் திரும்பாது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவோ 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றச் சொல்கிறது. தளமே மாற்றி அனுப்பட்டும் என்று முதல் வரியிலேயே கேளுங்கள்.

தொண்டி அலை: எழுத்து வரம்பையும் சேருங்கண்ணே. மத்திய தளப் பெட்டியில் 3,000தான். கணினி புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணும். ‘மீன்’ என்றாலே நாலு. தமிழுக்கு வரம்பு கூட வேண்டும். அதுவரை நீளமான மனுவைப் பிடிஎஃப் ஆக இணைப்பதே வழி.

கீழக்கரை: பணம் கழிந்தும் பதிவு எண் வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள், ஓரிரு வேலை நாளில் எண் வரலாம். அந்த நிலையை எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்லணும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்குக் கட்டணமே இல்லை, சான்று மட்டும் இணைக்கணும். கடலுக்குப் போகிறவர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. பதிலுக்கான 30 நாள் முடிந்ததும் மேல்முறையீட்டுக் கெடுவைக் குறுஞ்செய்தி நினைவூட்டட்டும். இது கட்டாயம் வேண்டும்.