பெட்ரோல் ஃபோர்க்லிஃப்ட் எஞ்சின் செட்டிங்: கார்புரேட்டர் ஸ்குரூவைக் கடைசியில் தொடுங்கள்

நிசான் ஹெச்20 (1982 சிசி, நாலு சிலிண்டர், பொறிக்கான கரண்டை வெட்டி விடும் பாயின்ட் செட்) எஞ்சின் லோடோடு புல்லிங் இல்லாமல் திணறினால் எல்லார் கையும் முதலில் கார்புரேட்டர் ஸ்குரூவுக்குத்தான் போகும். வரிசை அதுவல்ல. கம்ப்ரஷன், டேப்பட் (வால்வு இடைவெளி), பாயின்ட், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), அப்புறம்தான் கார்புரேட்டர். இல்லையென்றால் ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) எப்படியோ நிற்கும், லோடு ஏறியதும் பழையபடி மூச்சு வாங்கும்.

கம்ப்ரஷனை எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள். காயிலுக்கு வரும் கரண்டைத் துண்டித்து (பிளக் ஓட்டையில் பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டால் தீ), நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடிக்கணும். மிதிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது, நல்ல எஞ்சினும் சீக்காளி மாதிரி காட்டும். சோர்ந்த பேட்டரியும் அப்படியே ஏமாற்றும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

—

வால்வு என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றுமுன் டேப்பட்டைப் பார்த்துவிடுங்கள். இடைவெளி இல்லாத வால்வு சூட்டில் முழுக்க மூடாது. கம்ப்ரஷனும் போகும், சீட்டும் எரியும். ஹெச்20க்குச் சூட்டில் இரண்டு வால்வுக்கும் 0.38 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது அதன் இரண்டு வால்வு, இரண்டாவதின் இன்லெட், மூன்றாவதின் எக்ஸாஸ்ட் ஆகியவற்றை செட் செய்யலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மீதி நாலு. டொயோட்டா 4ஒய் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, ஹைட்ராலிக் லிஃப்டர்.

பாயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ. கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் தானாகப் பின்வாங்கும். புல்லிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் டிரைவருக்கே தெரியாது. அதனால்தான் பாயின்ட் முதலில், டைமிங் பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை.

—

அண்ணே, டைமிங் எத்தனை டிகிரி வைக்கிறது?

—

ஒரே எண் கிடையாது தம்பி. டிஸ்ட்ரிபியூட்டரும் எரிபொருளும் மாறினால் எண்ணும் மாறும். அந்த வண்டியின் மேனுவலைப் பாருங்கள். வாக்வம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்து, ஸ்லோவில் டைமிங் லைட் பிடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முன்கூட்டி விழும்). பிறகு 2000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். குறி சீராக நகரணும். நகராமல் நின்றாலோ குதித்தாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெயிட், ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. ஸ்லோவில் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் லோடில் உதவாது.

—

இப்போது கார்புரேட்டர். அதற்கும் முன் மேனிஃபோல்டில் வாக்வம் கேஜ் போடுங்கள். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டி முள் ஆடாமல் நிற்கும். ஒரே தாளத்தில் முள் இறங்கி ஏறினால் ஏதோ ஒரு வால்வு. ஆடாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்வாங்கியிருக்கும், அல்லது காற்று கசியும். கசிவுக்கு மேனிஃபோல்ட் இணைப்பில் ஆயில் கேனால் நாலு சொட்டு விட்டால் போதும், ஓசை மாறிவிடும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஸ்பிரே அடிப்பது வம்பு.

ஏர் கிளீனர் மாட்டி, சோக் முழுக்கத் திறந்திருக்க, மிக்ஸ்சர் ஸ்குரூவை மெதுவாக உட்காரும்வரை திருகி (இறுக்கினால் முனை பள்ளம் விழும்) ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து ஆர்பிஎம் அதிகம் வரும் இடம் பார்த்து, சற்று லீன் (பெட்ரோல் குறையும்) பக்கம் தள்ளி நிறுத்தணும். ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) விட்டால் ஸ்லோ அழகாகத்தான் இருக்கும். ஆனால் புகையில் 1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்றால் 10,000 பிபிஎம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 8 மணி நேர வேலைக்குக் காற்றில் வைத்த வரம்பே 50 பிபிஎம்தான். மூடிய குடோனில் ஓடும் வண்டியைக் காதால் செட் செய்யாதீர்கள், கேஸ் அனலைசர் வையுங்கள்.

—

டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) வண்டி என்றால் கடைசியில் ஸ்டால் டெஸ்ட், அதாவது வண்டியை நகரவிடாமல் எஞ்சின் பலம் பார்ப்பது. சக்கரத்துக்குக் கட்டை, பிரேக் முழுக்க, முன்னால் ஆள் கிடையாது. கியர் போட்டு முழு ஆக்சிலேட்டர், 5 வினாடிக்கு மேல் வேண்டாம். ஆர்பிஎம் மேனுவலில் உள்ளதைவிடக் குறைந்தால் எஞ்சினில் பலம் இல்லை, அல்லது கன்வெர்ட்டர் ஸ்டேட்டர் வழுக்குகிறது. கூடினால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த தடவைக்கு முன் நியூட்ரலில் ஓடவிட்டு ஆயிலை ஆறவிடுங்கள். எது எப்படி இருந்தாலும் உச்ச ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் சீலை உடைத்து ஆர்பிஎம் ஏற்ற வேண்டாம். ஹைட்ராலிக் பம்பும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது.