கோவை–சிங்கப்பூர் டிக்கெட்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். டிக்கெட்டில் 15-ம் தேதி 00.30-க்குக் கோவையில் கிளம்பி 07.30-க்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது 21.15-க்குக் கிளம்பி 23.25-க்கே கோவை வந்துவிடுகிறது. இரண்டும் நேர் விமானம். ஒரே தூரத்துக்கு இப்படியா? டிக்கெட்டில் ஏதும் தப்பா? அப்புறம், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள்ளேயே அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். விமானத்தில் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார்.

சிங்காநல்லூர் வாசி:
தப்பில்லை தம்பி. டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகார நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 07.30 என்றால் இங்கே காலை 5 மணி. ஆக, போகும் பயணம் நாலரை மணி நேரம். வரும்போது இங்கே 23.25, அங்கே மறுநாள் 01.55, 4 மணி 40 நிமிடம். பத்து நிமிட வித்தியாசம் காற்று, பாதையைப் பொறுத்து வருவது.
நேர்கோட்டில் சுமார் 3,160 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வகுத்தால் நாலு மணி நேரம்கூட வராது. ஆனால் டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தி.

லவ்டேல் அக்கா:
காது விஷயம் நான் சொல்கிறேன். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான். கோத்தகிரியே 1,793 மீட்டர், ஊட்டி 2,240. மேலே இருக்கும் வரை அம்மாவுக்கு வீட்டில் இருக்கிற மாதிரிதான். இறங்கும்போதுதான் அடைக்கும், கடைசி அரை மணி நேரம் தூங்க விடாதீர்கள். புளிப்பு மிட்டாய் ஒன்று வாயில் போட்டு அடிக்கடி எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். சளி பிடித்திருந்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குன்னூர் டிரைவர்:
சார், 15-ம் தேதி 00.30 என்றால் 14-ம் தேதி ராத்திரி. வண்டியை 14 சாயங்காலத்துக்குச் சொல்லுங்க. நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

கோத்தகிரிக்காரன்:
நன்றி அண்ணா. எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

குன்னூர் டிரைவர்:
வெளிநாட்டு விமானம், ஒன்பதரைக்கு சித்ராவில், அதான் கோவை ஏர்போர்ட்டில் இருக்கணும். அஞ்சு மணிக்கு எடுத்துட்டா வெளிச்சத்திலேயே காட்டு ரோட்டைத் தாண்டிடலாம். பலா சீசன்னா குஞ்சப்பனை பக்கம் யானை நிற்கும். அது நகர்ந்தால்தான் நாம் நகர முடியும். மழைக்காலம்னா இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி. துடியலூரில் திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியா வாங்க, காந்திபுரம் நெரிசல் வேண்டாம்.

சிங்காநல்லூர் வாசி:
இன்னொன்று. விசா இருந்தாலும் எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர் வருகைப் படிவம், தனியாகப் போட வேண்டும். இறங்கும் நாளோடு முடியும் மூன்று நாளைக்குள், ஆன்லைனில், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

லவ்டேல் அக்கா:
திரும்பி வரும் ராத்திரி கோவையிலேயே ரூம் போடுங்கள் தம்பி. இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வரவே பன்னிரண்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டாம்.