குவைத், 2 ஆகஸ்ட் 1990: ஈராக் குவைத்துக்குள் நுழைந்த நாளில் மனசை விட்டுப் போகாத ஒரு தருணம் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மணல்மேடு

எனக்கு ஜஹ்ரா, குவைத் நகரத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். குவைத்தின் டாங்கிப் படைப்பிரிவான 35ஆவது கவச பிரிகேட் அங்கேதான் எதிர்த்து நின்றது. காலை ஆறே முக்கால் தாண்டியிருக்கும். ஈராக்கின் ஹமுராபி டிவிஷன், எல்லையிலிருந்து குவைத் நகரத்துக்கு வருகிற நெடுஞ்சாலை 80இல் வால் பிடித்த மாதிரி வரிசையாக வருகிறது. ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து குவைத்தின் சீஃப்டன் டாங்கிகள் சுடுகின்றன. முன்னால் வண்டிகள் எரிகின்றன, பின்னால் வருகிறவர்களுக்குச் சேதியே போய்ச் சேரவில்லை. அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். காலாட்படை லாரியை விட்டு இறங்கவில்லை. தானே ஓடும் பீரங்கி வண்டி ஒன்று, டிரெய்லரிலிருந்து இறக்கப்படாமல் ஏற்றிய நிலையிலேயே அடிபட்டது.

அந்த டிரெய்லர்தான் என்னை விடுவதில்லை. சங்கிலிச் சக்கர வண்டியை நெடுந்தூரம் சொந்தமாக ஓட்டினால் பட்டை தேயும், எஞ்சின் படுத்துவிடும். அதனால் டிரெய்லரில் கொண்டுவருவார்கள். ஆனால் சண்டை வரும் என்று நினைத்தால் அதற்கு முன்பே இறக்கிவிடுவார்கள். தலைநகரின் வாசல் வரை இறக்காமல் வந்தார்கள் என்றால், தடுக்க ஆள் இருப்பார்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

பிரிகேடுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கே உத்தரவு வந்துவிட்டது. முகாமை விட்டு வெளியே வரும்போது காலை ஆறு. எட்டு மணி நேரம் எங்கே போனது? குண்டு ஏற்றுவதில் போனது. சீஃப்டனின் 120 மி.மீ. பீரங்கிக்குக் குண்டு தனி, அதை உந்தும் வெடிமருந்துப் பை தனி. பைகளை வண்டிக்குள் தாழ்வாக, தண்ணீர் சூழ்ந்த பெட்டிகளில் அடுக்க வேண்டும். ஒரு வண்டிக்கு அறுபதுக்கு மேல். கிடங்கிலிருந்து தூக்கி, மேல்மூடி வழியாக ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கிற வேலை. ஜூலையில் உயர்த்திய தயார்நிலையை, பக்தாதைச் சீண்டக் கூடாது என்று தளர்த்தியதன் விலை இது. கடைசியில் கிளம்பியது 36 டாங்கிகள், ஒரு கம்பெனி கவச வண்டிகள், ஒரு கம்பெனி டாங்கி எதிர்ப்பு வண்டிகள், 7 பீரங்கிகள். அவ்வளவுதான்.

முத்லா

மணல்மேடு சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். குண்டு முன்பே ஏற்றியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஈராக் பக்கத்துச் சஃப்வானில் எல்லை தாண்டி, குவைத் பக்கத்து அப்தலி வழியாகக் குவைத் நகரம் சுமார் நூறு கிலோமீட்டர். நல்ல ஆறுவழிச் சாலை, குறுக்கே ஆறு கிடையாது, தகர்க்கப் பெரிய பாலம் கிடையாது. இடையில் இருக்கிற ஒரே மேடு முத்லா. அங்கே சாலை ஒரு வெட்டு வழியாக இறங்குகிறது. அந்த வெட்டில் கண்ணிவெடியும் ஒரு பட்டாலியனும் ஜூலையிலேயே இருந்திருந்தால் மட்டுமே சண்டையின் கணக்கு வேறு. 35ஆவது பிரிகேட் முத்லாவுக்குத் தெற்கே, ஜஹ்ராவின் பாலங்களில் நின்றது. கதவு திறந்த பிறகு நடுக்கூடத்தில் நிற்பது அது.

வந்தது குடியரசுக் காவல்படை, சதாம் ஹுசைனின் தேர்ந்தெடுத்த படை. எட்டு வருட ஈரான் போரில் தேறிய டிவிஷன்கள். ஜூலை கடைசியில் எல்லையில் ஒரு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். குவைத்தின் மொத்தத் தரைப்படையே இருபதாயிரத்துக்குள், அதிலும் ஆகஸ்ட் வெயிலில் பலர் விடுமுறையில். எனக்கு உறுத்தும் தருணம் அதற்கும் முந்தையது. ஜூலை 31, சவூதியின் ஜித்தாவில் ஈராக்கும் குவைத்தும் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. மேசையில் இருந்தது எல்லையில் இருக்கிற ருமைலா வயலின் எண்ணெய், ஈராக் வாங்கிய கடன், எண்ணெய் உற்பத்தி அளவு. எல்லையில் நிற்கிற டாங்கிகளைப் பேரம் பேசுகிற மிரட்டல் என்றே குவைத் படித்தது. அந்த ஒரு வாசிப்பில் எல்லாம் போயிற்று.

மீனம்பாக்கம்

நமக்கு நெருங்கியதை யாரும் சொல்லவில்லையே. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149. லண்டனில் கிளம்பி குவைத், மெட்ராஸ், கோலாலம்பூர் என்று போகிற விமானம். படையெடுப்பு இரவு இரண்டு மணிக்குத் தொடங்கியது. விமானம் குவைத்தில் இறங்கியது 4:13க்கு. உள்ளே 367 பயணிகள், 18 ஊழியர்கள். எரிபொருள் போட்டுக்கொண்டு மெட்ராஸ் வர வேண்டியது. யாரும் கிளம்பவில்லை. பலரைப் பிடித்து வைத்து, ஈராக்கின் முக்கிய நிலையங்களில் மனிதக் கேடயமாக நிறுத்தினார்கள்.

எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் தூதர் தன் நாட்டு வெளியுறவுத் துறைக்குச் சொன்னது குவைத் நேரப்படி சுமார் மூன்று மணிக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசம். விமானத்தை வேறு இடத்துக்குத் திருப்பியிருக்கலாம். அந்தத் தகவல் விமான நிறுவனத்துக்குப் போகவே இல்லை என்பதை அந்த அரசு 2021 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முப்பத்தொரு வருடம்! அந்த 73 நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோப்பு

எனக்கு உறுத்துவது தீனார். நாட்டைக் கைப்பற்றிய பிறகு குவைத் தீனாரும் ஈராக் தீனாரும் ஒன்றுக்கு ஒன்று என்று ஈராக் அறிவித்தது. வெளிச்சந்தையில் ஈராக் தீனாருக்கு மதிப்பே இல்லை. வருடக்கணக்கில் சேர்த்த காசு ஒரு அறிவிப்பில் கரைந்தது.

இது வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியர் சுமார் 1,70,000 பேர் பெரும்பாலும் பாஸ்ரா, பக்தாத், ஜோர்டான் எல்லையின் ருவைஷித் வழியாக அம்மான் போய், ஏர் இந்தியாவின் 488 விமானங்களில் வந்தார்கள். இலங்கைப் பணிப்பெண்கள் ஏராளமானோர் அதே வழியில் பாலைவன முகாம்களில் கிடந்தார்கள். பிறகு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஜெனீவாவில் வந்தது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்ததற்கு மட்டும் தனிநபருக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு வகையில் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000, 8,000. இதற்கு அங்கிருந்து வெளியேறியதற்கான எளிய சான்று போதும். ஆனால் சம்பள பாக்கி, வங்கிப் பணம், வீட்டுச் சாமான் என்று ஒரு லட்சம் டாலர் வரை கோருகிற வகையில் காகிதம் வேண்டும்: வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை. பாஸ்போர்ட் முதலாளி கையில், சீட்டெல்லாம் விட்டுவந்த அறையில் என்று இருந்தவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால்: பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, ஒப்பந்தம் மூன்றின் படமும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். மாதாமாதம் சம்பளம் ஏறிய வங்கி அறிக்கையைப் பதிவிறக்கி அனுப்புங்கள். சேமிப்பு முழுவதையும் அந்த நாட்டு வங்கியில் வைக்காதீர்கள். தூதரகப் பதிவைப் புதுப்பியுங்கள், முகவரி மாறினால் மறுபடியும். வண்டி, நகை வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மனுக்கள் தனித்தனியாகப் போகவில்லை, அந்தந்த நாட்டு அரசு வழியாகத்தான் போயின. ஆகவே ஊரில் ஒருவர் உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அவர் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த ஆணையம் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தது 2022இல்.

தஸ்மான்

சுருக்கமாக. தஸ்மான் அரண்மனை. பிடிக்க வந்தது அமீரை, அதாவது குவைத் அரசரை. ஈராக் கமாண்டோக்கள் போய்ச் சேரும்போது அமீர் ஜாபிர் சவூதிக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் சண்டையிட்டு இறந்தது அவர் தம்பி ஷேக் ஃபஹத். அரசனைப் பிடித்து ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால், ஈராக் வெளியேற வேண்டும் என்று அன்றே நிறைவேறிய ஐ.நா. தீர்மானம் 660க்குப் பின்னால் நிற்க ஒரு குவைத் அரசே இருந்திருக்காது. நகரத்தைச் சில மணி நேரத்தில் பிடித்தார்கள், வேண்டிய ஆளைப் பிடிக்கவில்லை. முத்லா, மணல்மேடு இருவருமே சாலையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

மணல்மேடு

முத்லாவுக்கு: நடுக்கூடம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினோரு மணிக்குக் காவல்படையின் இன்னொரு டிவிஷனான மெதினா மேற்கே சால்மி சாலையில், 35ஆவது பிரிகேடின் சொந்த முகாம் இருக்கிற திசையிலிருந்து வந்தது. அதுவும் வரிசை கலையாமல், குவைத் பீரங்கிகளைத் தாண்டி, பிரிகேடின் 7ஆவது, 8ஆவது பட்டாலியன்களுக்கு நடுவே நுழைந்தது. இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பின்வாங்கியது. 36 டாங்கிகள் இரண்டு டிவிஷன்களின் முனையை எதிர்த்து நின்றன. அவர்களைத் தெற்கே தள்ளியது குண்டு தீர்ந்ததும், சுற்றி வளைக்கப்படும் ஆபத்தும். மாலை நாலரைக்குச் சவூதி எல்லை. அன்று இரவு எல்லையின் குவைத் பக்கத்திலேயே தங்கி, மறுநாள் காலையில்தான் தாண்டினார்கள். அதே பிரிகேட் அஷ்-ஷஹீத் (தியாகி) என்ற பெயரில் 1991 பிப்ரவரியில் நாட்டுக்குள் திரும்பி வந்தது.