சொறி (ஜெல்லிமீன்), திருக்கை, கடல் பாம்பு: கொட்டு வாங்கியவர்கள் எழுதுங்கள்

அரியமான் போய் வந்தவர்:
பிள்ளைகளை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். கரையில் ஒதுங்கிக் கிடந்த சொறியை, நாங்கள் தடுப்பதற்குள் சின்னவன் கையால் அள்ளிவிட்டான். கை முழுக்கச் சிவந்த கோடுகள், ஒரே அலறல். மணலைத் தேய் என்றார் ஒருவர், தண்ணி பாட்டிலை ஊற்று என்றார் இன்னொருவர். சிறுநீர் விடச் சொன்னவரும் உண்டு! இப்போது பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் செத்துக் கிடந்தது எப்படிக் கொட்டியது? கடலோரத்துக்காரர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

தங்கச்சிமடம் நர்ஸ்:
அந்த மூன்று யோசனையுமே வேண்டாதவை. சொறியின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் விஷ நூல் ஒன்று சுருட்டி வைத்த தூண்டில் மாதிரி காத்திருக்கும். தொட்டாலே வெடிக்கும், அதற்குச் சொறி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் பட்டால் உப்பின் அளவு மாறி, வெடிக்காமல் மிச்சமிருப்பதும் வெடித்துவிடும். தேய்த்தாலும் அதே கதை. சிறுநீரால் ஒரு பயனும் இல்லை.

கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். வினிகர் சில வகைச் சொறிக்குத்தான் சரி, சிலவற்றுக்கு அதுவே வினையாகும். மூச்சு இளைத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

எங்கள் அப்பாவுக்குக் கண்ணில் பட்டது. காய்ந்த வலையை உதறும்போது இழைத் தூசி பறந்து விழுந்தது. காய்ந்த பிறகும் அந்தச் செல்கள் வேலை செய்யும். கண் கோவைப்பழமாகிவிட்டது. கண் என்பதால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். வலை உதறும்போது காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

தொண்டிக்காரன்:
சொறியெல்லாம் ஒரு வலியா? திருக்கை முள் வாங்கிப் பாருங்கள். கரைவலை இழுக்கும்போது மணலுக்குள் படுத்திருந்ததை மிதித்தேன். வாலால் ஒரே அடி, கணுக்காலுக்கு மேலே. நெஞ்சு வரை ஏறிய வலி. சுண்ணாம்பும் புகையிலையும் கொண்டுவர ஆள் ஓடினார்கள். எங்கள் பெரியப்பா மட்டும் டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி, பச்சைத் தண்ணீரோடு விளாவி, காலை உள்ளே வைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது. டாக்டர் பிற்பாடு சொன்னார்: திருக்கை விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும். 45 டிகிரி அளவுக்குச் சூடு போதும், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். சூடு பார்க்க அடிபடாத காலையோ கையையோ விடுங்கள், வலியில் இருக்கும் காலுக்குச் சூடு உறைக்காது, வெந்துவிடும். கெளுத்தி, ஓரா மீன்களின் முள்ளுக்கும் இதே வைத்தியம்தான்.

முள்ளின் ஓரம் ரம்பம் போலப் பின்னோக்கி இருக்கும், உள்ளே ஒடிந்து தங்கிவிடும். எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்கவே கூடாதாம். இப்போதெல்லாம் ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கிறேன். அதிர்வு தெரிந்தால் திருக்கை தானே விலகிவிடும்.

சின்னப்பாலம் அக்கா:
பாசி எடுக்கப் போகும் எங்களுக்கு இவ்வளவு பெரிய கதை கிடையாது. பாறையில் கிழிபடுவதுதான் தினப்படி. விரலில் துணி சுற்றித்தான் இறங்குவோம். ஆனால் சர்க்கரை இருக்கிறவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் கடல் காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கடல் தண்ணீரில் இருக்கும் ஒரு வகைக் கிருமி ஒரே நாளில் காலை வீங்க வைத்துக் கொப்புளம் போட்டுவிடும். எங்கள் மதினிக்குச் சர்க்கரை, காயத்தோடு இறங்க விடமாட்டோம்.

மூக்கையூர்:
கடல் பாம்பைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. வலையில் மீனோடு வரும், வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். எங்கள் படகில் வந்த தம்பிக்கு விரலில் கடி. வலியே இல்லை என்று சிரித்தான். பல கடிகளில் விஷம் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் கரை வந்து சேர்வதற்குள் கழுத்தும் தொடையும் பிடித்துக்கொண்டன, இமை சரிந்தது. ஒன்றுக்குப் போனது கறுப்புக் காப்பி நிறம். விஷம் சதையைக் கரைக்க, கரைந்த சதை சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்கிறது என்றார்கள். டயாலிசிஸ் செய்து பிழைத்தான்.

அரியமான் போய் வந்தவர்:
பாம்புக்கடி ஊசி போடவில்லையா அண்ணே?

மூக்கையூர்:
இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது. மூச்சையும் சிறுநீரகத்தையும் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம், அதனால் டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கையை அசைக்காமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினால் போதும். வலி இல்லையே என்று மறுபடி வலை இழுக்க மட்டும் விடாதீர்கள்.