மறு: ஃபிரேமிங் – ‘ஏந்துபிடி’ எனலாமா? கூடவே, இன்றைய சிறந்த கேட்சர் யார்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழை இரண்டாகக் கிளைத்துவிட்டது. ஒரு பக்கம் பேஸ்பால் கட்டுரைக்காக ஃபிரேமிங் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்: பிட்சர் வீசும் பந்தைப் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் கேட்சர், விளிம்பில் வரும் பந்தை நடுவர் தன் அணிக்குச் சாதகமாகச் சொல்லும்படி வாங்கும் திறன் அது. இன்னொரு பக்கம், எடுத்துக்காட்டாக யாரைக் காட்டுவது என்று தொடங்கிய பேச்சு, ராலியா பெய்லியா ஸ்மித்தா என்று நீண்டுகொண்டே போகிறது. எனக்கென்னவோ இரண்டும் ஒரே விவாதமாகத்தான் படுகிறது. ஃபிரேமிங்குக்கு ஒருவர் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய சிறந்த கேட்சர் மாறிவிடுகிறார். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> கேட்சருக்குப் ‘பிடிப்பாளர்’ என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதில் என்ன சிக்கல்?

பிடிப்பது அவர் வேலையில் ஒரு பங்குதான். களத்தில் நிற்கும் ஒன்பது பேருமே பந்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் மற்ற எட்டுப் பேரையும் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருவர்தான். அடுத்த பந்து என்ன, எந்தப் பக்கம் என்று பிட்சருக்குச் சொல்வது இவர். முன்பெல்லாம் விரல் சைகை. 2022 முதல் பிட்ச்காம் என்ற பொத்தான் கருவி. தரையில் குத்தி எகிறும் பந்தை நெஞ்சைக் கொடுத்துத் தடுக்கிறார். ஓட்டக்காரர் இரண்டாம் தளத்தைத் திருடக் (அடிக்குக் காத்திராமல் ஓடிப் பிடிக்கக்) கிளம்பினால், குத்துக்காலிட்ட நிலையிலிருந்து எழுந்து ஏறத்தாழ 127 அடி எறிகிறார். பந்து இவர் கையுறையில் விழுந்த நேரத்திலிருந்து அங்கே நிற்பவரின் கையுறைக்குப் போய்ச் சேரச் சராசரியாக இரண்டு விநாடி. பிலடெல்பியாவின் ஜே. டி. ரியல்முட்டோ பல ஆண்டுகள் இதில் பெயர் பெற்றவர். 2023இல் தளங்களை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கி, ஓட்டக்காரரை மடக்கப் பிட்சர் எறியும் எறிகளுக்கும் கட்டுப்பாடு வைத்த பிறகு திருட்டு கூடிவிட்டது. கேட்சரின் கைக்கும் வேலை கூடிவிட்டது.

இவ்வளவையும் ‘பிடிப்பாளர்’ தாங்காது. ‘கேட்சர்’ என்றே எழுதச் சம்மதிக்கிறேன். கிரிக்கெட்டில் கீப்பரைக் கீப்பர் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அவருக்கு என்ன குறை வந்தது? சொல் உண்மையாகவே தேவைப்படுவது ஃபிரேமிங்குக்குத்தான். அது ஆங்கிலத்திலேயே பாதிப் பேருக்குப் புரியாது.

> ‘சட்டமிடல்’ நேரான மொழிபெயர்ப்பு. அகராதியிலும் இருக்கிறது.

ஐயா, மன்னிக்கவும். “பெய்லி சிறப்பாகச் சட்டமிடுகிறார்” என்று படிப்பவர், அவர் சட்டமன்றத்துக்குப் போய்விட்டார் என்றுதான் நினைப்பார். அது போகட்டும், செயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நடப்பது என்னவென்று பாருங்கள்.

பேட்டர் பக்கத்தில் நிற்கும் தளத்தட்டின் அகலம் 17 அங்குலம். அதன் மேலாக, பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில், அவர் அடிக்காமல் விட்ட பந்து கடந்தால் ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் வெளியே), இல்லாவிட்டால் பால் (நான்கு சேர்ந்தால் அவருக்கு முதல் தளம் இலவசம்). கண்ணெதிரே எந்தக் கோடும் கிடையாது. மணிக்கு 95 மைலில், வளைந்தும் தாழ்ந்தும் வரும் பந்தை, கேட்சரின் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கும் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடுவில் வரும் பந்தில் தகராறில்லை. விளிம்பில் ஒரு பந்தளவு உள்ளேயும் ஒரு பந்தளவு வெளியேயும் இருக்கும் பட்டையில்தான் எல்லாக் கூத்தும். அங்கே வந்த பந்தைக் கேட்சர் எப்படி வாங்கினார் என்பது தீர்ப்பை அசைக்கிறது. தாழ்ந்து வரும் பந்தைக் கை தொய்ந்து வாங்கினால் பால். தரையருகே கையுறையை முன்பே இறக்கி வைத்திருந்து, கீழிருந்து மேலாக எழும்பும் கையில் பந்து வந்து அமர்ந்தால் ஸ்ட்ரைக். இப்போது பெரும்பாலான கேட்சர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம். கை கீழிருந்து கிளம்ப வசதி.

கீழிருந்து கை கொடுத்து வாங்குவதற்கு நம்மிடம் இருக்கும் சொல் ஏந்துதல். அதனால்தான் போன மடலில் ‘ஏந்துபிடி’ என்று எழுதியிருந்தேன்.

> நடுவரைத் தவறாகத் தீர்ப்புச் சொல்ல வைப்பதுதானே இது? ‘ஏமாற்றுப்பிடி’ என்பதே நேர்மையான சொல்.

இதை ஏற்க முடியவில்லை. வெளியே போன பந்தை ஸ்ட்ரைக் ஆக்குவது ஒரு பாதி. உள்ளே வந்த பந்தைப் பால் ஆகாமல் காப்பது மறு பாதி. சரியான ஸ்ட்ரைக்கைக் கை தொய்ந்து பாழாக்கும் கேட்சர்கள் எத்தனை பேர்! அந்த இழப்பைத் தடுப்பவரை ஏமாற்றுக்காரர் என்பது அநியாயம். தவிர, கலைச்சொல்லில் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. கை என்ன செய்கிறது என்று சொன்னால் போதும். அது தர்மமா அதர்மமா என்று கட்டுரைக்குள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் திறனை எண்ணிக் காட்டத் தொடங்கியே அதிக நாளாகவில்லை. 2011இல் மைக் ஃபாஸ்ட் என்பவர் பந்து கடந்த இடத்தின் தரவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை ஹொசே மொலினா என்றால் மட்டை சரியாகப் பேசாத மாற்று ஆட்டக்காரர். மூன்று கேட்சர் சகோதரர்களில் நடுப்பிள்ளை. தம்பி யாடியர்தான் புகழ் பெற்றவர். ஃபாஸ்டின் கணக்கிலோ ஹொசே அணிக்கு ஓட்டங்களை அள்ளிக் காப்பாற்றியிருந்தார். அடுத்த பருவத்துக்கே டாம்பா பே அவரை எடுத்துக்கொண்டது. ஃபாஸ்டை ஹூஸ்டன் அணி வேலைக்கு வைத்துக்கொண்டது.

இன்று ஸ்டாட்காஸ்ட் என்ற பந்துத்தடத் தரவு அமைப்பின் கணக்கில், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் 0.125 ஓட்டம். எட்டு ஸ்ட்ரைக்குக்கு ஒரு ஓட்டம். பத்து ஓட்டம் ஏறத்தாழ ஒரு வெற்றி என்பது பொது வழக்கு. ஒருவர் பருவம் முழுதும் 160 ஸ்ட்ரைக்கைக் கூட்டித் தந்தால் 20 ஓட்டம், அதாவது இரண்டு வெற்றி. ஆட்டத்துக்கு ஒன்றரைப் பந்து கூட ஆகவில்லை. பார்வையாளருக்குத் தெரியவே தெரியாது.

சரி, ஆட்களுக்கு வருவோம். 2025 பருவத்தை வைத்தே பேசுகிறேன்.

> பெய்லிதான். மற்றவர்கள் மட்டையால் கேட்சர் ஆனவர்கள்.

சான்ஃப்ரான்சிஸ்கோவின் பேட்ரிக் பெய்லி ஏந்துபிடியில் சில பருவங்களாகவே பட்டியலின் தலையில் இருக்கிறார். 2024, 2025 இரண்டிலும் தேசிய லீகில் (அமெரிக்கப் பேஸ்பாலின் இரு லீகுகளில் ஒன்று) கேட்சருக்கான தடுப்பாட்ட விருதான தங்கக் கையுறை அவருக்குத்தான். அவர் பிடிப்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கையுறை பந்தைத் தேடிப் போவது தெரியாது. போக வேண்டிய இடத்தில் பந்து வந்து உட்கார்ந்தது போல இருக்கும். ஆனால் மட்டை? 2025இல் சராசரி .222, ஒரே அடியில் நான்கு தளமும் சுற்றி வரும் ஹோம் ரன் ஆறே ஆறு. அதில் ஒன்று மட்டும் நினைவில் நிற்கும்: ஜூலையில் பிலடெல்பியாவுக்கு எதிராக, பந்து சுவரில் பட்டுத் திசைமாறி ஓட, கேட்சர் கால்களோடு நான்கு தளமும் சுற்றி வந்து ஆட்டத்தை முடித்துவைத்தார். அழகான காட்சி, ஆனால் ஒரு பருவத்துக்கு அது போதாது.

சியாட்டிலின் கால் ராலி கதை வேறு. 60 ஹோம் ரன். கேட்சராகவே பெரும்பாலும் ஆடும் ஒருவர் அடித்த அதிகபட்சம் அதுவரை 48 (சல்வடோர் பெரெஸ், 2021). இடது, வலது இரு பக்கமும் நின்று அடிப்பவர்களில் மிக்கி மேண்டல் 1961இல் வைத்த 54, சியாட்டில் அணிக்காகக் கென் கிரிஃபி ஜூனியர் வைத்த 56, எல்லாம் ஒரே பருவத்தில் போயின. 60ஆவது விழுந்த அதே இரவில் சியாட்டில் 2001க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவை வென்றது. லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதில் ஆரன் ஜட்ஜுக்கு முதலிட வாக்கு 17, ராலிக்கு 13. நான் ராலி பக்கம். ஜட்ஜின் மட்டை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வலது களத்தில் நிற்கிறார். இவர் நாளெல்லாம் குத்துக்காலிட்டு, தவறி வரும் பந்தை உடம்பில் வாங்கிக்கொண்டு அடித்திருக்கிறார்.

“மட்டையால் கேட்சர் ஆனவர்” என்பதும் ராலிக்குப் பொருந்தாது. 2024இல் தங்கக் கையுறை மட்டுமல்ல, அமெரிக்க லீகிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பிளாட்டினக் கையுறையும் அவருக்குத்தான் போனது.

> அக்டோபரை மறந்துவிட்டீர்களே!

மறக்கவில்லை, கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள் நடக்கும் மாதம் அது. டாட்ஜர்ஸின் வில் ஸ்மித்துக்குச் செப்டம்பரில் வலது கையில் மெல்லிய எலும்பு முறிவு. திரும்பி வந்து, டொராண்டோவுடனான இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஏழு ஆட்டங்களின் 73 இன்னிங்ஸையும் ஒருவராகவே பிடித்தார். அதில் மூன்றாம் ஆட்டம் மட்டும் 18 இன்னிங்ஸ். ஒரு உலகத் தொடரில் அவ்வளவு நேரம் எந்தக் கேட்சரும் உட்கார்ந்ததில்லை. ஏழாம் ஆட்டத்தில் 11ஆம் இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்னில்தான் 5-4 என்று கோப்பை கைக்கு வந்தது. எல்லோரும் அதையே பேசுகிறார்கள். எனக்கு ஒன்பதாம் இன்னிங்ஸ்தான் பெரிது. ஆட்டம் சமநிலையில், தளங்கள் நிரம்பியிருக்க, டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் தடுமாறியபடி தளத்தட்டுக்கு எறிந்தார். பந்தோடு கால் தட்டில் பட்டிருந்தால்தான் ஓட்டக்காரர் வெளியே. ஸ்மித்தின் கால் ஒரு கணம் தட்டைவிட்டு எழும்பி, ஓட்டக்காரர் சறுக்கி வருவதற்குள் மறுபடி தட்டில் பட்டது. அந்தக் கால் தாமதித்திருந்தால் 11ஆம் இன்னிங்ஸே கிடையாது. அதே ஆட்டத்தின் கடைசிப் பந்தை இரட்டை ஆட்டமிழப்பாக அடித்தவரும் ஒரு கேட்சர்தான்: டொராண்டோவின் அலெஹாண்ட்ரோ கர்க். பாவம், நல்ல ஏந்துபிடிக்காரர்.

ஆனாலும் ஒரு தொடரை வைத்து ஒரு பருவத்தை அளக்க முடியாது. என் வாக்கு ராலிக்கு. பெய்லி ஏந்துபிடியில் சேமிக்கும் இருபது சொச்ச ஓட்டத்தைவிட, ராலி மட்டையால் கூட்டியது மிக அதிகம். சாதாரணமாக ஒரு அணி கேட்சரிடம் அடியை எதிர்பார்ப்பதே இல்லை. அந்த இடத்திலிருந்து 60 வந்தால் அது இரட்டிப்பு லாபம்.

> 2026இல் இயந்திரத் தீர்ப்பு வருகிறது. செத்துப்போகிற திறனுக்குச் சொல் எதற்கு?

இது நல்ல கேள்வி. தென் கொரியாவின் கேபிஓ லீகில் 2024 முதல் எல்லாப் பந்துக்கும் கருவிதான் தீர்ப்புச் சொல்கிறது. அங்கே ஏந்துபிடிக்கு மதிப்பில்லை என்பது உண்மை. அமெரிக்காவில் ஒப்புக்கொண்டிருப்பது அதுவல்ல, முறையீட்டு முறை. வழக்கம்போல நடுவர்தான் சொல்வார். அணிக்கு இரண்டு முறையீடு. சரியாக இருந்தால் கையிருப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும், உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் கண்ணைக் காட்டக் கூடாது. நம் ஊரில் டிஆர்எஸ் என்றால் ‘தோனி ரிவ்யூ சிஸ்டம்’ என்று சொல்லிச் சிரிப்போமே, அந்தக் கீப்பர் கண் இங்கே கேட்சருக்கு வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் இதைச் சோதித்தபோது முதல் முறையீடு செய்ததே ராலிதான். தாரிக் ஸ்கூபல் மேனி மச்சாடோவுக்கு வீசிய பந்து. நடுவர் பால் என்றார், கருவி ஸ்ட்ரைக் என்றது, மச்சாடோ வெளியே.

இரண்டே முறையீடு என்றால் ஒரு அணி அதை முதல் இன்னிங்ஸிலேயே வீணாக்காது. கேட்சரை நோக்கி ஒரு ஆட்டத்தில் வீசப்படுவது ஏறத்தாழ 150 பந்து. அரை அங்குல விளிம்புப் பந்துக்கெல்லாம் யாரும் தலையைத் தட்ட மாட்டார்கள். ஆகவே ஏந்துபிடியின் விலை இறங்கும், ஆனால் கடை மூடாது. முழுக் கருவியே வந்துவிட்டால்கூட, 2011க்குப் பிறகான பேஸ்பால் வரலாற்றை எழுத இந்தச் சொல் வேண்டும்.

இனி இலக்கணம். ‘ஏந்துப்பிடி’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, ப் மிகாது. ஏந்துபிடி. வினையாக வேண்டுமென்றால் “ஏந்திப் பிடித்தார்”, அங்கே ப் வரும். ஓட்டக் கணக்குக்கு ‘ஏந்துபிடி ஓட்டம்’. ஆளுக்குத் தனிச்சொல் வேண்டாம். ‘ஏந்தல்’ என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னது அரசர்களுக்கும் ஏரிகளுக்கும் இருக்கட்டும்.

> பக்கவாட்டுப் பந்தை எப்படி ஏந்துவது?

கை உள்பக்கமாகத்தான் வரும், மேல்நோக்கி அல்ல. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்சர்கள் அதிகம் பாடுபடுவது கீழ் விளிம்பில்தான். ஒரு திறனின் பெயர் அதன் முக்கிய அசைவிலிருந்து வந்தால் போதும். குழந்தையை இடுப்பில் சாய்த்து வைத்திருந்தாலும் ஏந்துகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

விளிம்புப் பட்டையில் வரும் பந்துக்கு ‘ஓரப்பந்து’ என்று ஒரு தோழி பரிந்துரைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கட்டுரையில் இரண்டு சொல்லையும் ஏற்றிவிடுகிறேன். எறிதலுக்கான அந்த இரண்டு விநாடிக் கணக்குக்கு இன்னும் சொல் அமையவில்லை; ‘பாப் டைம்’ என்றே விட்டிருக்கிறேன். ‘எறிவேளை’ வேண்டாம், ஜோசியம் மாதிரி ஒலிக்கிறது.

அன்புடன்.