மறு: இன்டர்புரொஃபெஷனல் எஜுகேஷன் – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். மருத்துவம், செவிலியம், சமூகப் பணி என்று வெவ்வேறு தொழில்களுக்குப் படிக்கும் மாணவர்கள் சேர்ந்து இயங்கக் கற்கும் 'இன்டர்புரொஃபெஷனல் எஜுகேஷன்' பாடத்திட்டத்தைத் தமிழில் எழுத, அதற்கு ஒரு பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் இவை.

> 'பணியிடைக் கல்வி' என்று வைக்கலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 'பணியிடைப் பயிற்சி' என்றாலே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சி என்று நிலைத்துவிட்டது. செவிலியர்களும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். நம் பாடம் வேலைக்குப் போகுமுன் மாணவர்களுக்கு நடப்பது.

> மருத்துவ மாணவரும் செவிலிய மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து உடற்கூறியல் படிப்பதுதானே இது? 'கூட்டுக் கல்வி' போதும்.

தங்கச்சி, இதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கல்வியை வளர்க்கவென்றே பிரிட்டனில் 1987-இல் தொடங்கிய கெய்ப் (CAIPE) அமைப்பின் வரையறையைப் பாருங்கள். இரண்டோ அதற்கு மேலோ தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும். அதனால் ஒத்துழைப்பும் பராமரிப்பின் தரமும் உயர வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விரிவுரை கேட்டால் 'ஒருவரைப் பற்றி ஒருவர்' எப்படி வரும்?

அந்தப் பகுதி ஏன் முக்கியம் என்பதற்கு விக்டோரியா கிளிம்பியேயின் கதை போதும். 2000 பிப்ரவரியில் லண்டனில் கொடுமைக்கு ஆளாகி இறந்த எட்டு வயதுச் சிறுமி. மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், போலீசார் எல்லாரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் முதலில் பார்த்தவர்களுக்குக் காயங்கள் மீது சந்தேகம் வந்தது. மூத்த மருத்துவர் சிரங்கு என்று சொன்னதும் அவளுக்குத் தந்திருந்த போலீஸ் பாதுகாப்பு விலக்கப்பட்டது. சிரங்கு இருந்தாலும் கொடுமை நடந்திருக்கலாமே என்று சமூகப் பணியாளர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பார் என்று மருத்துவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் மரணத்தை விசாரித்து 2003-இல் வந்த லேமிங் அறிக்கை, துறைகள் தகவலைப் பகிர்ந்து சேர்ந்து இயங்காததைக் கடுமையாகச் சாடியது. இந்தப் பழக்கத்தைப் படிக்கும் வயதிலேயே ஊட்டுவதுதான் நாம் பேசும் கல்வி.

சுவீடனின் லின்ஷோப்பிங்கில் 1996-இல் இதற்காகவே ஒரு பயிற்சி வார்டு திறந்தார்கள். மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மாணவர்கள் சேர்ந்து, மேற்பார்வையின் கீழ், உண்மையான நோயாளிகளைக் கவனிப்பார்கள். இதைக் 'கூட்டுக் கல்வி' என்றால் பாதிகூடச் சொன்னதாகாது.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். 'தொழில்' என்று தொடங்கினால் தொழிற்சாலைப் பக்கம் போய்விடுகிறது. இலங்கைத் தமிழில் புரொஃபெஷனலுக்குத் 'தொழில்வாண்மை' என்பது நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. ஆசிரியர் 'வாண்மை விருத்தி' என்று பாடநூல்களிலும் எழுதுகிறார்கள். அதையே எடுத்து வாண்மையிடைக் கல்வி என்று சொல்லலாம். ஒரே தொழிலுக்குள் நடந்தால் ஒருவாண்மைக் கல்வி. பல தொழிலினர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் பல்வாண்மைக் கல்வி. தங்கச்சி சொன்ன உடற்கூறியல் வகுப்பு இதில் அடங்கும். வாண்மையிடைக் குழு, வாண்மையிடைப் பயிற்சி வார்டு என்றும் தடையில்லாமல் நீள்கிறது.

தமிழக வாசகருக்கு முதலில் வாள் நினைவுக்கு வரலாம். வந்தாலும், ஒரு முறை விளக்கினால் நிற்கக்கூடிய சொல் என்றே நினைக்கிறேன். அப்புறம், ஏற்கெனவே புழங்கும் சொல்லை இரண்டு கரையிலும் பகிர்ந்துகொள்வது புதிதாக ஒன்று செய்வதைவிட நல்லது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சமூகப் பராமரிப்பு நாடி வரும் முதியவரையோ குழந்தையையோ 'நோயாளி' என்று எழுத முடியாது. 'பயனாளி' என்றால் அரசுத் திட்டத்தில் உதவி பெறுபவர் ஆகிவிடுகிறார். மருத்துவத்துக்கும் சமூகப் பணிக்கும் பொதுவான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அது இல்லாமல் பாடத்திட்டத்தின் முதல் பத்தியையே தமிழில் எழுத முடியவில்லை.